சிறுத்தைக்கு ஒரு மறைவு

அந்தக் காலத்தில் குவளூர் நாட்டை உதயபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் அது உடனே நடந்தாக வேண்டும். தலைநகரின் நடுவே ஒரு காடு வேண்டும், சனங்கள் காலார நடந்து விலங்குகளைப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியது. பொறுப்பைத் திருமேனியிடம் கொடுத்தார்.

திருமேனி அந்த வேலையில் ஊறியவர். எந்த விலங்குக்கு எங்கே நிழல், எங்கே தண்ணீர், எங்கே பாறை என்று பார்த்துப் பார்த்து வனம் அமைப்பார். அவரிடம் ஒரே ஒரு குறை. மந்திரி கூத்தபிரானைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும். மந்திரி வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். திருமேனி பேசினால் கொட்டாவி விடுவார்.

சிறுத்தைக்குப் புதரும் குகையுமாக இடம் தயாரானது. ராஜா பார்க்க வந்தார். உச்சிவெயில் வரை நின்றும் வால்நுனிகூடத் தெரியவில்லை.

"நான் வந்தால் எழுந்து நிற்காதவர் இந்த நாட்டில் உண்டா? இந்தச் சிறுத்தைக்கு மட்டும் என்ன வந்தது?"

"எங்களுக்கெல்லாம் சம்பளம் உண்டு, மகாராஜா. அதற்கு இல்லை," என்றார் மந்திரி.

ராஜா சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் முகம் சுருங்கியது. "திருமேனி, நான் வளர்ப்பது சிறுத்தையா, புதரா?"

மறைவில்லாவிட்டால் சிறுத்தை தாங்காது, பார்க்கிறவர்கள்தான் ஒளிந்திருந்து பார்க்க வேண்டும் என்பது திருமேனிக்கு நன்றாகத் தெரியும். மந்திரியிடம் ஒருமுறை சொல்லியும் இருந்தார். ஆனால் ராஜாவின் முகத்தைப் பார்த்ததும் வாயிலிருந்து வேறு வந்தது. "புதரை எடுத்துவிடுகிறேன், மகாராஜா."

மந்திரி திரும்பினார். "என்னிடம் நீர் வேறு மாதிரி அல்லவா சொன்னீர்?"

"நான் எதுவும் சொன்னதாக நினைவில்லை," என்று வெட்டினார் திருமேனி.

புதர் போனது, குகையும் போனது. வழவழவென்று பளிங்குத் தரை வந்தது. சுவரில் காட்டை ஓவியமாகத் தீட்டினார்கள். சனங்கள் எல்லாப் பக்கமும் நின்று சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். ராஜாவுக்கு மகிழ்ச்சி.

சில வாரங்களில் சிறுத்தை இரண்டு குட்டி போட்டது. சேதி கேட்டு ஊரே திரண்டது. தாய் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு சுவரோரம் நடந்தது. மூலைக்குப் போய்த் திரும்பியது. ஓவிய மரத்தடியில் குட்டியை வைத்துப் பார்த்தது, மறுபடி தூக்கிக்கொண்டது. சனங்கள் கைதட்டினார்கள். ராஜாவும் தட்டினார்.

"பார்த்தீரா, குட்டியை எனக்குக் காட்டுகிறது," என்றார் ராஜா.

அது எதைத் தேடுகிறது என்று அந்தக் கூட்டத்தில் திருமேனிக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. "ஆமாம், மகாராஜா," என்றார். சொல்லிவிட்டுத் தலைகுனிந்துகொண்டார்.

மறுநாள் அந்தக் குட்டி செத்துக் கிடந்தது. தாய் இரை எடுக்கவில்லை.

அண்டை நாட்டு ராணி திருவிழாவுக்கு வரவிருந்தார். ராஜா சபையைக் கூட்டினார். "சிறுத்தை இப்படி மெலிந்து கிடந்தால் என் மானம் என்னாவது? யார் இதைச் சரி செய்வது?"

பழி தன் தலையில் விழுமுன் திருமேனி எழுந்தார். "எல்லாவற்றுக்கும் வழி வைத்திருப்பவர் மந்திரிதானே. அவரே செய்யட்டும். முடியாவிட்டால் பதவியை விட்டு இறங்கட்டும்."

சபை மந்திரியைப் பார்த்தது. அவர் நினைத்திருந்தால் அங்கேயே திருமேனியைக் காட்டிக்கொடுத்திருக்கலாம்.

"செய்கிறேன்," என்றார் மந்திரி. "திருவிழா வரை வனத்தை மூடிவையுங்கள். அன்றைக்கு ஒரு நாழிகை மட்டும் மகாராஜா என் சொல்படி நடக்க வேண்டும்."

"உம் சொல்படி நானா? சரி, அதையும் பார்ப்போம்."

திருவிழா நாளில் ராஜாவும் ராணியும் வந்தார்கள். சிறுத்தை இருந்த இடத்துக்கு முன்னால் ஒரு மண்மேடு. அதில் இடுப்பளவு உயரத்தில் ஒரு வழி.

"கிரீடத்தைக் கழற்றிவிட்டுக் குனிந்து வாருங்கள்," என்றார் மந்திரி.

"நான் குனிவதா?"

"மகாராஜா, சிறுத்தை உங்களைப் பேட்டி காண வரவில்லை. நீங்கள்தான் அதைக் காண வந்திருக்கிறீர்கள். வந்தவர்தானே வணங்க வேண்டும்?"

ராணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் குனிந்து போனார். ராஜாவுக்கு வேறு வழியில்லை. கடைசியில் திருமேனி நுழைந்தார்.

உள்ளே இருட்டு. இலைகளுக்கு நடுவே சின்னத் துவாரம். அப்பால் மறுபடியும் புதர், பாறை, குகை. குகை வாசலில் சிறுத்தை ஒருக்களித்துப் படுத்திருந்தது. மிச்சமிருந்த குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. ராஜா மூச்சுவிடவும் மறந்து பார்த்தார். நாழிகை கடந்தும் அவர் எழவில்லை.

வெளியே வந்ததும் தம் சால்வையை எடுத்தார். "அமைச்சரே, இந்த யோசனைக்கு இது பரிசு."

"யோசனை என்னுடையதல்ல. புதர் வைப்பதற்கு முன்பே திருமேனி என்னிடம் சொன்னது. நான் ஆள் வைத்துக் கட்டினேன், அவ்வளவுதான்."

ராஜா சிரித்தபடி சால்வையைத் திருமேனியின் தோளில் போட்டார். திருமேனி அதை எடுத்து மடித்தார்.

"எனக்கு வேண்டாம், மகாராஜா. எல்லாம் தெரிந்தேதான் புதரை எடுத்தேன். அந்தத் தாய் குட்டியோடு அலைந்தபோது ஒளிக்க இடம் தேடுகிறது என்று தெரிந்தே 'ஆமாம்' என்றேன். பிறகு மந்திரியையும் மாட்டிவிடப் பார்த்தேன்."

"அன்றே ஏன் சொல்லவில்லை?"

"உங்கள் முகம் சுருங்கியது. பயந்துவிட்டேன்."

ராஜா அந்த மண்மேட்டைத் திரும்பிப் பார்த்தார். "நானும் அன்றைக்குக் கைதட்டினேன்," என்றார். சால்வையை வாங்கி மந்திரிக்குப் போர்த்தினார். "திருமேனி, மற்ற விலங்குகளுக்கும் இப்படியே அமைத்துக்கொடும். அதுவரை இந்த வாசலில் நில்லும். ஏன் குனிய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நீரே காரணம் சொல்லும்."

மறுநாள் கதவு திறந்தது. முதலில் வந்தவள் பூக்கூடையோடு ஒரு பெண். குனிந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அழகாயிருக்கிறது ஐயா. ஒரே குட்டிதானா?"

"இரண்டு பிறந்தன, அம்மா," என்று ஆரம்பித்தார் திருமேனி.