குப்பைத்தொட்டியில் ஒரு கூவல்

மூங்கில் காட்டுக் குட்டையின் கரையில் ஆளில்லாத பங்களா ஒன்று இருந்தது. பங்களாவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதன் முன்னால் எப்போது பார்த்தாலும் ஒரு காட்டுக்கோழி உட்கார்ந்திருந்தது.

கோழியின் பெயர் பூவாத்தாள். அந்தக் காட்டிலேயே தனக்கு மட்டும்தான் கம்ப்யூட்டர் தெரியும் என்பது அதன் நினைப்பு. கருமந்திக் குரங்கு சடையனுக்கு அதைவிட நன்றாகவே தெரியும். ஆனால் கோழியிடம் போய் அதைச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

விடிவதற்குச் சற்று முன்னால் பூவாத்தாள் கம்ப்யூட்டரைப் போடும். அந்தப் பெட்டிக்கு எழுந்திருக்க அவசரமே கிடையாது. உள்ளே விசிறி கரகரவென்று சுற்றும். திரை கறுப்பாகவே இருக்கும். பூவாத்தாள் வாசலுக்குப் போய் ஒரு கறையான் புற்றைக் கொத்தி முடித்துவிட்டு வந்தால், அப்போதுதான் "டிங்!" என்று மணி அடிக்கும். பச்சைப் புல்மேடு ஒன்று திரையில் வரும். பூவாத்தாள் மெதுவாக ஒரு இடத்தைக் கொத்தும். உடனே பெட்டிக்குள்ளிருந்து ஒரு சேவல் கூவும்.

"கொக்கரக்கோ! கொக்கர... கொள், கொள்! கொக்கரக்கோ! பூவா, கேட்டுச்சா?"

நடுவில் இருமல். கடைசியில் ஒரு கேள்வி. அவ்வளவுதான் அந்தப் பதிவு. அதைக் கேட்டுத்தான் காடு கண் விழித்தது. காட்டுக்கு அது வெறும் அலாரம்.

பூவாத்தாளுக்கு அப்படியில்லை. அது கொண்டையப்பனின் குரல்.

கொண்டையப்பன் அதன் துணை. தன் குரலின் மேல் கொஞ்சம் கர்வம் பிடித்த சேவல். ஒருநாள் கம்ப்யூட்டரின் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று கூவியது. பாதியில் ஒரு பூச்சி தொண்டையில் போய்விட்டது. இருமிவிட்டு, விடாமல் கூவி முடித்து, "பூவா, கேட்டுச்சா?" என்று ஆசையாகக் கேட்டது. வாசலில் ஈசல் பறந்துகொண்டிருந்த நேரம் அது. பூவாத்தாள் அவசர அவசரமாக நிறுத்து பொத்தானைக் கொத்திவிட்டு ஈசலுக்கு ஓடிவிட்டது. பதில் சொல்லவில்லை. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தது.

அன்று மத்தியானம் மரநாய் வந்தது. கொண்டையப்பன் கத்திக் கத்திக் காட்டையே எச்சரித்தது. எல்லோரும் ஓடி ஒளிந்து தப்பினார்கள். கொண்டையப்பன் மட்டும் தப்பவில்லை.

மிஞ்சியது அந்தக் கூவல்தான். அதைப் பூவாத்தாள் எங்கே வைத்திருந்தது தெரியுமா? கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியில்!

சிரிக்காதீர்கள். கோழிக்குக் குப்பைதான் களஞ்சியம். பிறந்ததிலிருந்து நல்லதெல்லாம் அதற்குக் குப்பையைக் கிளறித்தானே கிடைத்தது? தவிர, காட்டில் குரங்குகள் அதிகம். கண்ட இடத்தைத் தட்டும், கண்டதை அழிக்கும். ஆனால் குப்பைத்தொட்டியை மட்டும் ஒரு குரங்கும் எட்டிப் பார்க்காது. 'குன்றிமணி குப்பையில் கிடந்தாலும் நிறம் மங்குமா?' என்று பூவாத்தாள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். பழைய பெட்டியில் அது பத்திரமாகத்தான் இருந்தது. அந்தப் பெட்டி குப்பையைத் தானாகக் கொட்டுகிற ஜாதி இல்லை.

அந்தப் பெட்டியிடம் ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. எதற்கெடுத்தாலும் திரையில் ஓர் அறிவிப்புப் பலகையை நீட்டும். "இதைச் செய்யட்டுமா? அதைச் செய்யட்டுமா?" என்று தொணதொணக்கும். பூவாத்தாள் ஒன்றையும் படிக்காது. வந்தவுடன் 'சரி'யைக் கொத்திவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு குறையும் வந்ததில்லை.

பெட்டிக்கும் வயதாகாமல் இருக்குமா? ஒருநாள் கூவல் பாதியில் நின்றது. மறுநாள் புல்மேட்டின் மேல் கோடு விழுந்தது. சடையன் மலைக்கு அப்பால் போய்ப் புதிய கம்ப்யூட்டர் ஒன்றையும் ஒரு பென் டிரைவையும் கொண்டுவந்தது.

"பூவாக்கா, இது வேற சிஸ்டம். கொஞ்சம் பழகணும். நான் பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றேன்!"

"எனக்கா? நீயா?" என்று கோழி கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. "புது இடத்துல விட்டா கோழிக்குக் கொத்தத் தெரியாமப் போயிடுமா? அந்தப் பென் டிரைவை வச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பி நில்லு தம்பி!"

சடையன் திரும்பி நின்றது. பூவாத்தாள் கூவலைப் பழைய பெட்டியிலிருந்து பென் டிரைவில் எடுத்துப் புதிய பெட்டியின் குப்பைத்தொட்டியில் போட்டது. உடனே ஒரு பலகை வந்தது. அதில் நாலு வரி எழுதியிருந்தது. அந்த நாலு வரியைப் படித்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. பூவாத்தாள் 'சரி'யைக் கொத்தியது.

அதற்கப்புறம் அது பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! மூடுகிற பொத்தான் வலது மூலையில் இல்லை. இடது மூலைக்குப் போய்விட்டிருந்தது. கீழே தள்ளினால் பக்கம் மேலே போனது. எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் அந்தக் கீழ் மூலைப் பொத்தானைக் காணவே காணோம். பூவாத்தாள் பழைய இடத்தையே கொத்திக் கொத்தித் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்துவிட்டது.

"சொல்லித் தரட்டுமாக்கா?" என்று சடையன் ஜன்னலில் தலைகீழாகத் தொங்கியபடி கேட்கும்.

"வேண்டாம்! இதெல்லாம் ஒரு பெட்டியா? தொட்டதும் எழுந்து நிக்குது. ஒரு கறையான் திங்கக்கூட நேரம் விடல. அந்தப் பெட்டி எழுந்திருக்கற சத்தத்துலேயே பாதி மனசு நிறைஞ்சுடும். அந்த மணி! அந்தப் புல்மேடு! என்னைக்காவது ஒருநாள் அந்த மேட்டுக்கு நடந்து போயிடலாம்னு நாங்க ரெண்டு பேரும் நெனச்சிருந்தோம், தெரியுமா?"

பழைய பெட்டியைத் தூக்கிப்போட அதற்கு மனம் வரவில்லை. தாழ்வாரத்திலேயே இருக்கட்டும் என்றது. ஐப்பசி மழை சாய்ந்து அடித்தது. பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் எறும்பு குடியேறியது. பூவாத்தாள் தினமும் போய் அதைப் பார்த்துவிட்டு வரும்.

ஆனாலும் விடியலில் கூவல் மட்டும் தவறவில்லை. புதிய பெட்டியின் தொட்டியைத் திறந்து கொத்தினால் கொண்டையப்பன் கூவும். அது ஒன்று போதும் என்று பூவாத்தாள் இருந்தது.

ஒரு மாதம் போயிற்று. ஒருநாள் விடியலில் தொட்டியைத் திறந்தால், தொட்டி காலி!

பூவாத்தாள் கண்ணைச் சிமிட்டிப் பார்த்தது. இரண்டு காலாலும் மேசையைப் பறண்டியது. "சடையா! ஏய் சடையா! ஓடி வா!"

சடையன் ஓடி வந்தது.

"தொட்டியில இருந்ததைக் காணோம்!"

"குப்பைதானேக்கா? அது ஒரு மாசம் ஆனா தானாவே அழிஞ்சுடும். இந்த சிஸ்டம் அப்படித்தான். போடும்போதே அறிவிப்பு வந்திருக்குமே. நீங்க 'சரி'ன்னு கொத்தினீங்களா?"

"நான் எல்லாத்துக்கும் 'சரி'ன்னுதானே கொத்துவேன்!" என்று பூவாத்தாள் அலறியது. "அது குப்பை இல்லடா! அது உங்க கொண்டையப்பண்ணன்!"

சடையனுக்கு அப்போதுதான் விளங்கியது. மான் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று பென் டிரைவில் இருந்ததையெல்லாம் அது ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தது. பழைய பெட்டியைத் திறந்து பார்த்தது. எறும்பும் முட்டையும்தான் இருந்தன. சடையன் எவ்வளவோ முயன்றது. கடைசியில் கையை விரித்தது.

பூவாத்தாள் சிறகுக்குள் தலையை வைத்துக்கொண்டது. அழக்கூடத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அன்று காடு நேரம் கழித்துத்தான் எழுந்தது. மான்கள் வெயில் ஏறிய பிறகு குட்டைக்கு வந்தன. எல்லோருக்கும் பிந்திக் கரிச்சான் குருவி வந்தது. வாலில் இரண்டு துடுப்பு தொங்கும் குருவி அது. பங்களாவின் மேல் கவிந்திருந்த நாவல் மரத்தில்தான் குடியிருந்தது. வரும்போதே சண்டையோடு வந்தது.

"என்ன பூவாத்தாக்கா, இன்னைக்கு உங்க பெட்டிக்கு லீவா? தினம் தூக்கத்தைக் கெடுக்கும். இன்னைக்கு அது இல்லாமத் தூங்கியே போயிட்டேன்! எங்கே அந்த..." என்று சொல்லிவிட்டுக் கரிச்சான் தொண்டையைச் செருமியது. "கொக்கரக்கோ! கொக்கர... கொள், கொள்! கொக்கரக்கோ! பூவா, கேட்டுச்சா?"

பூவாத்தாள் துள்ளி எழுந்தது.

அதே கூவல். அதே இடத்தில் அதே இருமல். 'கேட்டுச்சா'வில் அதே குழைவு. கண்ணை மூடிக்கொண்டால் கொண்டையப்பன் முன்னால் நிற்பதுபோல் இருந்தது. கண்ணைத் திறந்தால் ஒரு கறுப்புக் குருவி திருதிருவென்று விழித்தது.

"உனக்கெப்படிடா வந்தது?" என்று கோழி கேட்டது.

"வராம என்ன செய்யும்! கேட்டதைத் திருப்பிச் சொல்றதுதானே எங்க பரம்பரைத் தொழில். தினம் தினம் தலைக்கு மேல கூவினா மரமே கூவும்! ஏன், தப்பாச் சொல்லிட்டேனா? ஏங்க்கா அழறீங்க?"

சடையன் சட்டென்று கம்ப்யூட்டர் முன்னால் தாவியது. "பதிவு பண்ணிடலாம்க்கா! தள்ளுங்க, ரெண்டு தட்டுல முடிச்சுடறேன்!"

"நீ தட்டாத," என்றது பூவாத்தாள். அதன் குரலில் பழைய அதட்டல் இல்லை. "எனக்குச் சொல்லித் தா தம்பி. எங்கே கொத்தணும்னு காட்டு. நான் கொத்தறேன்."

சடையன் காட்டியது. பூவாத்தாள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டது. எங்கே திறப்பது, எங்கே மூடுவது, மேலே போக எப்படித் தள்ளுவது என்று எல்லாம் கேட்டது. இரண்டு முறை பழைய மூலைக்கே கழுத்து போயிற்று. பூவாத்தாளே சிரித்துக்கொண்டு கழுத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு பலகை வந்தது. எழுத்துக் கூட்டி, மூக்கால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு, முழுதும் படித்துவிட்டுத்தான் 'சரி'யைக் கொத்தியது.

"ம், கூவுடா," என்றது கரிச்சானிடம். "இருமலை விட்டுடாத."

கரிச்சான் நெஞ்சை நிமிர்த்தியது. கூவியது. இருமியது. மறுபடி கூவியது. "பூவா, கேட்டுச்சா?" என்றது.

வாசலில் அன்றும் ஈசல் பறந்துகொண்டிருந்தது. பூவாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை. நிறுத்து பொத்தானுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது.

"கேட்டுச்சுங்க. நல்லாக் கேட்டுச்சு," என்றது.

அதற்கப்புறம்தான் பொத்தானைக் கொத்தியது. 'இதை எங்கே வைக்க?' என்று புதிய பெட்டி கேட்டது. பூவாத்தாள் சடையனைப் பார்த்தது. சடையன் ஓர் இடத்தைக் காட்டியது. அது குப்பைத்தொட்டி இல்லை.

மறுநாள் விடியலில் காடு நேரத்தோடு எழுந்தது. கூவலுக்குப் பின்னால் ஒரு கோழி பதில் சொல்வதைக் கேட்டு மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

புது வீட்டின் வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதவர், பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த செல்வத்தையும் இழப்பார்.