ஐந்து குண்டுகள் போன வழி

ஐந்தாவது குண்டுக்கும் லூர்து தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் "காணோம்" என்றார்.

சென்னியப்பண்ணன் பாயில் குப்புறப் படுத்தபடியே போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தார். காலித் தோட்டா துள்ளி விழுந்து, சிமெண்டுத் தரையில் உருண்டு, வலது பக்கம் படுத்திருந்த என் முழங்கையருகே வந்து நின்றது. புதுத் துப்பாக்கியின் போல்ட் வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போய் வந்தது. என் பழைய துப்பாக்கியில் அதே வேலை, துருப்பிடித்த கேட்டைத் திறப்பது மாதிரி இருக்கும்.

"ஒண்ணு கூடவா இல்ல?" என்று கேட்டார்.

"ஒண்ணு கூட இல்லீங்கண்ணா. தாளு கடையில வாங்குன மாதிரியே இருக்குது."

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். தட்டி முடிப்பதற்குள் முகத்தைச் சரிசெய்துகொண்டு விட்டார் என்பதைப் பக்கத்திலிருந்த நான் பார்த்தேன்.

அன்றைக்கு அவர் சுட்டது வெறும் சோதனை அல்ல. அடுத்த ஞாயிறு சேலத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கான போட்டி. எங்கள் ரைபிள் கிளப்பிலிருந்து மூன்று பேர் போகலாம். இரண்டு பெயர் முடிவாகிவிட்டது. மூன்றாவது இடம் அந்தப் போட்டி தொடங்கிய வருஷத்திலிருந்து அண்ணனுடையது. இந்தச் சித்திரையில் எனக்கும் அறுபது முடிந்துவிட்டதால், நானும் கேட்டு வைத்திருந்தேன். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் படுத்து ஐந்தைந்து குண்டு சுடுவது, யார் தாள் நன்றாக இருக்கிறதோ அவர் சேலம் போவது, புதுத் துப்பாக்கியும் அவரோடு போவது என்று ரேஞ்சுக்குப் பொறுப்பான லூர்து சொல்லியிருந்தார். அவர் பட்டாளத்தில் அவில்தாராக இருந்தவர். சொன்னால் மாற்றமாட்டார். அந்தத் துப்பாக்கியை வாங்கச் சொல்லி ஒவ்வொரு கமிட்டிக் கூட்டத்திலும் எழுந்து நின்று பேசியவர் அண்ணன்தான். அதனால் புதியதில் அவர் சுடட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை. புதுத் துப்பாக்கி சண்டித்தனம் செய்யும் என்று ஒரு நம்பிக்கை.

நானும் என் ஐந்தைச் சுட்டு முடித்திருந்தேன். எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் தொலைநோக்கியில் பார்க்கிற தைரியம் எனக்கு வந்ததே இல்லை. பார்த்தால் அடுத்த குண்டு கெட்டுப்போகும்.

தாள்களைப் போய் எடுத்து வரவும் முடியாது. கடைசி ஆள் சுட்டு முடித்து, எல்லோரும் போல்ட்டைத் திறந்து வைத்து, லூர்து சிவப்புக் கொடியை ஏற்றின பிறகுதான் யாரும் சுடுகிற கோட்டைத் தாண்டலாம். கோடியில் பல் டாக்டர் ஹலீமா இன்னும் சுட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒவ்வொரு குண்டையும் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற நிதானத்தோடுதான் அனுப்புவார். காத்திருக்க வேண்டியதுதான். நாங்கள் தகரக் கொட்டகையின் பின்பெஞ்சுக்கு வந்தோம். லூர்து கோட்டின் மேல் ஒரு கண்ணை வைத்தபடி தூணில் சாய்ந்து நின்றார். அண்ணன் பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றினார்.

"எல்லாரும் தாள்ல படற மாதிரிதான் சுடறாங்க," என்று ஆரம்பித்தார். "அதுல என்ன இருக்குது. அம்பது மீட்டர். அசையாத தாளு. பொழுதுக்கும் ஓடாம ஒரே எடத்துல நிக்கற தாளு. அதுல அஞ்சும் படாமச் சுடறதுக்கு இந்த ஜில்லாவுல யாரு இருக்கறாங்க, சொல்லுங்க பாக்கலாம்."

"என்னால முடியாதுங்கண்ணா," என்றார் லூர்து.

"முடியாதல்ல. அதுக்குக் கை வேணும்."

மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்த காலத்திலேயே அண்ணனின் பேச்சு அப்படித்தான். மோட்டாரைக் கொண்டு வந்தவர்கள் அது ஓட ஆரம்பித்த பிறகும் போகாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர் தன்னை உயர்த்திப் பேசிக் கேட்டவர்கள் யாரும் இல்லை. தன்னைப்போல் கெட்டுப்போக ஒருவராலும் முடியாது என்பதுதான் அவருடைய பெருமை.

முதல் குண்டு தாள்களுக்குப் பின்னாலிருக்கிற மண்மேட்டுக்கு மேலே போய்விட்டது என்றார். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போகலாம் என்று அது நினைத்திருக்கிறது. எல்லையில் சோதனைச்சாவடி. லாரிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதாகிவிட்டது. என்ன சரக்கு, எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறார்கள். ஈயம், இரண்டரை கிராம் சொச்சம், தாளுக்குப் போக வேண்டியது, வழி தவறிவிட்டது என்று அது உண்மையைச் சொல்லியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் யார் விடுவார்கள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து ஆடிக் காற்று பிடித்துத் தள்ள, வந்த வழியே வந்து குழாய்க்குள் நுழைந்துவிட்டது.

"ரெண்டாவது தோட்டாவப் போடலாம்னு போல்ட்டத் தெறக்கறன். உள்ள உக்காந்திருக்குது. வேர்த்து ஒழுகிட்டு."

நான் காலித் தோட்டா வெளியே விழுந்ததைப் பார்த்தேன் என்றேன். அது வேறு, இது உள்ளே வந்தது, ஒரே நேரத்தில் ஒன்று இறங்க ஒன்று ஏறுவது டவுன் பஸ்ஸில் நடப்பதில்லையா என்று கேட்டார்.

கோடியில் டாக்டரம்மாவின் துப்பாக்கி ஒரு தரம் பேசியது. அப்புறம் நீண்ட அமைதி.

இரண்டாவது குண்டு மேட்டுக்கு அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்பில் புகுந்துவிட்டது. மரமேற ஆள் கிடைக்காமல் தோப்புக்காரர் இரண்டு மாதமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். குண்டு போய் ஒவ்வொரு மரமாகக் காம்பை நறுக்கியது. இளநீரை விட்டுவிட்டு நெற்றாகப் பார்த்து நறுக்கியது. தோப்புக்காரர் கையைக் கூப்பியபடி ஓடி வந்து, இனி மாதா மாதம் நீங்களே வந்து தாளைச் சுட்டுக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

"அவ்வளவு காய்ல ஒண்ணே ஒண்ணு மேட்டத் தாண்டி இந்தப் பக்கம் வந்து விழுந்துச்சு. எங்க விழுந்துச்சுங்கறீங்க? என்ற ஸ்கூட்டர் சீட்டு மேல. குறி பாத்து எறிஞ்சாக் கூட அப்படி விழுகாது. என்ற குண்டெல்லாம் கடைசில என்னத் தேடித்தான் வரும்."

அவருடைய ஸ்கூட்டர் சீட்டு கிழிந்திருந்தது உண்மைதான். போன வருஷமே கிழிந்தது.

மூன்றாவது குண்டு எங்கே போனதென்று அவருக்குத் தெரியாது. அவரே அங்கே இல்லை. துப்பாக்கி உதைத்த உதையில் பாயோடு பின்னால் போய், மதுக்கரை ரயில் கேட்டில்தான் நின்றார். லூர்து குறுக்கிட்டார். இந்தத் தோட்டாவுக்கு உதைப்பே கிடையாது, மேலே உட்கார்ந்திருக்கிற கொசு கூட எழுந்திருக்காது என்றார். கொசு எழுந்திருக்காது என்பதை அண்ணன் ஒப்புக்கொண்டார். அது வழி நெடுக அவர் காதிலேயே உட்கார்ந்து வந்ததாம். திரும்பி வரும்போதுதான் வில்லங்கம். பாய்க்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னார் கண்டக்டர். இது படுக்கிற பாய் இல்லை, சுடுகிற பாய் என்று விளக்கினார். அப்படியானால் எங்கே, சுட்டதைக் காட்டு என்றார் கண்டக்டர்.

"காட்டறதுக்கு என்கிட்ட என்ன இருக்குது. எறங்கி நடந்து வந்தன்."

அதற்கும் லூர்து சிரிக்கவில்லை. ஆனால் தூணிலிருந்து நகர்ந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

நாலாவது குண்டைத் தனியாக அனுப்பப் பயமாக இருந்தது என்றார் அண்ணன். அதனால் விசையை அழுத்திவிட்டு எழுந்து, கூடவே நடந்தார். போகும்போதே அதற்கு வழி சொல்லிக்கொண்டு போனார். இது மூன்றாம் நம்பர், இங்கே நிற்காதே. அதோ அது ஐந்தாம் நம்பர், தம்பியுடையது, அங்கே போனால் மனஸ்தாபம் வரும். இதுதான் நாலு, நம்முடையது. தாளுக்கு முன்னால் நின்று, நடுக் கறுப்பில் விரலை வைத்து, இந்த இடம் என்று காட்டினார்.

"அது நல்ல எடத்துல பொறந்த குண்டுங்க. பெரியவரு வெரல் மேல எப்படிப் படறதுன்னு மரியாதையா ஒதுங்கிப் போயிருச்சு."

"வெரல எடுத்திருக்கலாமுங்களே," என்றேன்.

"எடுத்திருக்கலாம். கெளம்புனதுக்கப்பறந்தான் தோணுது."

டாக்டரம்மா இன்னொன்றைப் பிடுங்கினார். அது அவருடைய நாலாவது. லூர்து எண்ணிக்கொண்டிருந்தார்.

ஐந்தாவதற்கு அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அது இன்னும் விழவே இல்லை. நேராக மேற்கே போய், கடலைத் தாண்டி, அரபு நாடுகளைத் தாண்டி, பனி விழுகிற ஊர்களையெல்லாம் பார்த்துவிட்டு, உலகத்தின் அடிப்பக்கம் வழியாகச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது. எங்கும் தங்காத குண்டு. மேற்கே போனது கிழக்கேதான் வந்து சேர வேண்டும். அதாவது எங்கள் முதுகுப் பக்கம்.

"நான் போட்ட கணக்குச் செரின்னா, இந்நேரம் அவினாசி தாண்டியிருக்கும். எதுக்கும் எல்லாரும் சித்த தலையக் குனிஞ்சுக்குங்க."

அந்த நொடியில்தான் டாக்டர் ஹலீமா தன் கடைசிக் குண்டைச் சுட்டார். நான் குனிந்துவிட்டேன். குனிந்ததோடு பெஞ்சின் விளிம்பையும் பிடித்துக்கொண்டேன். லூர்து அப்போதுதான் சிரித்தார். அண்ணன் சிரிக்காமல் என் தோளில் கை வைத்தார்.

"இந்த ரேஞ்சுல என்னைய நம்பற ஆளு தம்பி ஒருத்தன்தான்."

லூர்து எழுந்து வரிசையாக ஒவ்வொரு துப்பாக்கியாகப் பார்த்தார். எல்லாப் போல்ட்டும் திறந்திருந்தன. கொடியை ஏற்றிவிட்டுத் தாள்களை எடுக்க நடந்தார். அண்ணன் மூடியில் மிச்சமிருந்த டீயைக் கீழே ஊற்றினார்.

திரும்பி வரும்போது லூர்து பாதி வழியில் நின்று ஒரு தாளை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். கொட்டகைக்குள் வந்ததும் இரண்டு தாள்களை மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். நாலாம் நம்பர் தாளில் ஒரு பொத்தலும் இல்லை. ஐந்தாம் நம்பர், என்னுடையது. அதில் பத்துப் பொத்தல்கள் இருந்தன.

"பாலக்காடெல்லாம் போகலீங்கண்ணா," என்றார். "பக்கத்துத் தாளுக்குத்தான் போயிருக்குது."

அண்ணன் கிடந்த பாயை மூவரும் திரும்பிப் பார்த்தோம். சுட ஆரம்பிக்கும் முன் அதன் தலைமாட்டில் கட்டெறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றை மிதிக்க வேண்டாம் என்று அண்ணன் பாயின் ஒரு முனையை இழுத்துக் கோணலாகப் போட்டுக்கொண்டார். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றிவிட்டால் உடம்பு காட்டுகிற திசைதான் துப்பாக்கி காட்டுகிற திசை. குறிவளையத்துக்குள் தெரிகிற கறுப்பு யாருடைய கறுப்பு என்று அப்புறம் தலையைத் தூக்கி நம்பரைப் பார்க்க வேண்டும். அதைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித் தருவதே அண்ணன்தான். எறும்புகள் இப்போதும் போய்க்கொண்டிருந்தன.

பத்தில் ஐந்து பொத்தல்கள் நடுக் கறுப்பில், ஒரு ரூபாய்க் காசை வைத்து மூடிவிடுகிற மாதிரி கூடிக் கிடந்தன. மற்ற ஐந்தும் கீழ்ப்பக்கம், கோழிக்கு இறைத்த தவிடுபோல.

விதி எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் லூர்து சொன்னார். அடுத்தவர் தாளில் சுட்டவருக்குச் சுழியம். எது யாருடைய குண்டு என்று தெரியாவிட்டால், நல்லதாக இருக்கிற ஐந்தும் தாளுக்குரியவருக்கு. அப்படிப் பார்த்தால் இந்தக் கிளப்பில் இதுவரை யாரும் சுடாத மார்க்கை நான் சுட்டிருந்தேன்.

அதை ஒரு நிமிஷம் அனுபவித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு சொன்னேன். "மேல கூட்டமா இருக்கறது அண்ணனுது. கீழ செதறிக் கெடக்கறதுதான் என்னுது. வருசக் கணக்கா நான் அங்கதான் சுட்டுட்டிருக்கறன்."

லூர்து பென்சிலைக் காதிலிருந்து எடுத்தவர் மேசைமேல் வைத்துவிட்டார். "அப்படின்னா கதை வேறங்க, சார். இந்தக் கீழ மார்க்க வெச்சு உங்களையும் அனுப்ப முடியாது. ரெண்டு பேரும் இன்னொருக்காச் சுடறதுதான் நாயம்." அண்ணனைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கண்ணா. இதுல எது உங்களுது?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளின் மேல் குனிந்தார். நடுவில் கூடிக் கிடந்த ஐந்தையும் வெகுநேரம் பார்த்தார். அப்படி ஒரு கூட்டத்தை அவர் அதற்கு முன் சுட்டதில்லை. நானும் பார்த்ததில்லை. பிறகு விரலைக் கீழே கொண்டுவந்தார்.

"இது பாலக்காட்டுக்குப் போய்ட்டு வந்தது," என்று ஓரத்துப் பொத்தல் ஒன்றைத் தொட்டார். "பாரு, களைச்சுப் போயிருக்குது. இது தேங்கா போட்டது. இது நான் ரயில் கேட்டுல நின்னப்ப விழுந்தது. இது அந்த மரியாதை தெரிஞ்சது." கடைசியாகத் தாளின் விளிம்பையே தொட்டுக்கொண்டிருந்த பொத்தலுக்கு வந்தார். "இப்பத்தான் வந்து சேர்ந்திருக்குது. இன்னும் சூடு ஆறல."

"அண்ணா," என்றேன்.

"அவன் சொல்றத எழுதாதீங்க, அவில்தாரு. அவன் புளுகறான். நான் பொழுதுக்கும் பண்ற வேலை, எனக்குத் தெரியாதா. அவனுக்கு வரல."

லூர்து என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்தையும் பார்த்தார், அங்கே ஏதோ இருப்பதுபோல. பிறகு பென்சிலை எடுத்து, சேலத்துக்கு மூன்றாவது பெயராக என் பெயரை எழுதினார்.

டாக்டர் ஹலீமா தன் தாளை எடுத்துக்கொண்டு வந்து யாருக்கு எத்தனை என்று கேட்டார். லூர்து அவருக்கு என் தாளைக் காட்டினார். அவர் பாராட்டினார்.

அண்ணன் புதுத் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஈட்டி மாதிரி நீளமான கை அவருக்கு. துப்பாக்கியைக் கையோடு பிணைக்கிற ஸ்லிங் வாரின் கொக்கியைக் கழற்றி, என் கையை ஒரு தரம் பார்த்துவிட்டு, இரண்டு துளை உள்ளே தள்ளி மாட்டினார்.