மப்பு போட்ட நாள்

தூத்துக்குடிப் பக்கத்து உப்பளம் ஒன்றில், தண்ணீர் இறைக்கும் இஞ்சினுக்குத் தினமும் டீசல் கேன் சுமந்தவள் ராசக்கனி. அவள் தின்கிற சோற்றிலும் டீசல் வாடைதான். அவள் நச்சரிப்புத் தாங்காமல் முதலாளி தவசிமுத்து, வெயிலில் ஓடும் சோலார் மோட்டார் ஒன்றைப் பொருத்தினார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்.

"வானம் மப்பு போட்ட நாள்லயும் இது ஓடணும். ஓடலைன்னா பழைய இஞ்சின்தான். நீயும் வேற அளம் பாத்துக்கோ."

பத்தே நாளில் வானம் கறுத்தது. முதலாளி ஊரையே கூட்டிக்கொண்டு வந்து நின்றார். மோட்டார் மூச்சு விடவில்லை.

"ஏட்டி, எங்க உன் சூரியன்?"

"அது கெடக்கட்டும் மொதலாளி. டீசல் இஞ்சினையே ஓட்டிருவோம். இன்னைக்கு எந்தப் பாத்திக்குத் தண்ணி விடணும்?"

"கிறுக்கா பிடிச்சிருக்கு? வெயில் இல்லாத அன்னைக்கு எவளாவது பாத்திக்குத் தண்ணி விடுவாளா? உப்பு எப்படி விளையும்?" என்று கத்தினார் முதலாளி.

"அதைத்தான் மொதலாளி மோட்டாரும் சொல்லுது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று முதலாளி நடையைக் கட்டினார்.

ராசக்கனி காலி டீசல் கேனைக் கவிழ்த்துப் போட்டு, 'அப்பாடா' என்று அதன்மேல் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் அவள் சுமந்த கேன், அன்றைக்குத்தான் அவளைச் சுமந்தது.