தூதர் வாங்கிய கொசுறு

செம்பாறை நாட்டை அந்தக் காலத்திலே மகிழவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். பெயரில்தான் மகிழ்ச்சி, முகம் எப்போதும் சிடுசிடு. காலையில் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவார். பொழுது சாய்வதற்குள் அவருக்கே விலங்கு மாட்டுவார்.

கடல் தாண்டியிருந்த புன்னைத்தீவுக்கு அவருடைய தூதராகப் போனவள் தையல்நாயகி. அது ஏழைத் தீவு. போன புதிதில் அவள் சொந்த ஊரில் இருந்த மாதிரியே இருக்கப் பார்த்தாள். சம்பா அரிசியும் பசு நெய்யும் கப்பலில் வரவேண்டும். ராஜா அனுப்பும் படிப்பணம் பாதி மாதத்திலேயே காலி. அப்போது காய்ச்சலில் கிடந்தவளுக்குக் கூழ் காய்ச்சி ஊற்றியவள் மீன்காரி வேலாத்தா.

"கப்பலை நம்புனா வயிறு காயும் அக்கா. நாங்க திங்கறதைத் தின்னு பாரு" என்றாள்.

அன்றிலிருந்து தினையும் கிழங்கும் மீனும்தான். உடம்பு தேறியது, கையில் காசும் மிஞ்சியது. இந்த ஊர் இல்லாவிட்டால் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன் என்று அவள் நினைக்காத நாளில்லை.

பொக்கிஷக்காரர் விருத்தகிரிக்கு இது பொறுக்குமா? தூதர் பதவியைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தரக் காத்திருந்த மனுஷர் அவர். ராஜாவிடம் நயமாகப் பேசிப் படியைப் பாதியாக்கினார். பட்டினி கிடந்து ஓடிவருவாள் என்று நினைப்பு. அவளோ, சௌக்கியம் என்று ஓலை அனுப்பினாள். உடனே ராஜாவின் காதைக் கடித்தார். அந்நிய ஊரில் பாதிப் பணத்தில் ஒருத்தி பிழைக்கிறாள் என்றால், தீவுக்காரர்களிடம் லஞ்சம் வாங்காமல் முடியுமா என்றார். ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். விருத்தகிரியையும் கூட்டிக்கொண்டு, விலங்கும் கையுமாகக் கப்பலேறிவிட்டார்.

விலங்கைப் பார்த்து, லஞ்சம் என்ற பழியையும் கேட்டதும் தையல்நாயகிக்குத் திக்கென்றது. மாட்டிக்கொண்டால் நல்ல பெயரும் போகும், இந்த ஊரும் போகும். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"விலங்கு எங்கே போய்விடப் போகிறது, மன்னா? எனக்குச் சந்தைக்கு நேரமாகிறது. இந்தப் பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு கூட வாருங்கள். யாரென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்."

வேஷம் என்றால் ராஜாவுக்குக் கொள்ளை ஆசை. விருத்தகிரி மட்டும் பட்டாடையையும் குடையையும் விடமாட்டேன் என்று அடம்பிடித்தார். சந்தையில் அவர் வாழைப்பழம் விலை கேட்டார். பழக்காரர் குடையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூன்று மடங்கு சொன்னார்.

வேலாத்தா காசுக்கு உண்டான மீனைத் தையல்நாயகியின் கூடையில் போட்டாள். பிறகு ஒரு கை நெத்திலியை மேலே அள்ளிப் போட்டாள்.

"பார்த்தீர்களா, காசில்லாமல் வாங்குகிறாள். இதுதான் லஞ்சம்" என்று விருத்தகிரி கிசுகிசுத்தது தையல்நாயகியின் காதிலும் விழுந்தது. ராஜாவின் கை இடுப்பில் இருந்த விலங்குக்குப் போனது.

அதற்குள் வேலாத்தா ராஜாவைப் பார்த்துவிட்டாள். "உங்க ஊர்க்காரரா அக்கா? பசிச்ச முகமா இருக்காரே. இந்தாங்கய்யா, கொசுறு" என்று அவர் கையிலும் கொஞ்சம் நெத்திலியை வைத்தாள்.

ராஜா தன் உள்ளங்கையைப் பார்த்தார். கப்பம் வாங்கிய கை அது, காணிக்கை வாங்கிய கை. முகம் வாடியிருக்கிறதே என்று அதில் யாரும் எதையும் வைத்ததில்லை.

தையல்நாயகி மெதுவாகக் கேட்டாள்: "பொக்கிஷக்காரரே, இவர் கையில் இருப்பதும் லஞ்சம்தானா? யோசித்துச் சொல்லுங்கள்."

ஆம் என்றால் விலங்கு ராஜாவுக்கு. இல்லை என்றால் இவள்மேல் குற்றமே இல்லை. விருத்தகிரி குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தையல்நாயகி, உன் படி பழையபடி முழுசாக வரும், அது நியாயம். அதற்குமேல் ஒரு கொசுறு. இந்தத் தீவுக் கருவாட்டுக்கு நம் துறைமுகத்தில் இனி சுங்கம் கிடையாது."

தனக்குக் கூழ் ஊற்றிய ஊருக்கு இப்படியொரு கைம்மாறு கிடைக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. சந்தை நடுவிலேயே அழுதுவிட்டாள்.

ராஜா விருத்தகிரி பக்கம் திரும்பினார். "நீர் பாதிப் படியில் இங்கேயே இரும். ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது உமக்கு யாராவது கொசுறாகக் கொடுத்தால், அன்றைக்கே கப்பலேறலாம்."

கப்பல் எத்தனையோ தடவை வந்துவந்து போனது. விருத்தகிரி குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு வந்த அன்றுதான் அந்தக் கறிவேப்பிலை கிடைத்ததாம். கொடுத்தவள் வேலாத்தாதான். மனுஷர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைய கப்பல் அவர் இல்லாமலே போனது.