குரல் போன கணினி

“டீச்சர், என் கம்ப்யூட்டர் பேச மாட்டேங்குது” என்றார் ஆசீர்.

மெகருன்னிசா பக்கத்து நாற்காலியைக் கையால் தட்டினார், உட்காரச் சொல்லி.

ஆசீருக்குப் பார்வை போனது நாற்பது வயதுக்கு மேல். மெகருன்னிசாவுக்குப் பிறவியிலேயே இல்லை. வயதில் ஆசீரைவிடச் சின்னவர். திரையில் இருப்பதைக் குரலாகக் கேட்டுக் கணினியை ஓட்டுவதற்குப் பாளையங்கோட்டையில் பலருக்கும் கற்றுக்கொடுத்தவர். ஆசீரும் அவரிடம்தான் படித்தார். அதன்பிறகுதான் மொழிபெயர்ப்பு வேலை, செய்தித்தாள், மகளின் கடிதம் எல்லாம் அவருக்குத் திரும்பக் கிடைத்தன.

இப்போது அத்தனையும் ஒரே நாளில் போய்விட்டது. இரண்டாம் முறை கண் போனது மாதிரி இருக்கிறது என்று ஆட்டோவில் வரும்போது மனைவி கிருபாவதியிடம் சொன்னார். கிருபாவதி மடியில் கணினிப் பெட்டியை வைத்துக்கொண்டு வந்தார்.

நடந்ததை ஆசீர் சொன்னார். மனிதர் பேசுவது போலவே வாசிக்கும் புதுக் குரல் ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அதை ஏற்றினார். ஏறி முடிந்ததும் கணினி வாயை மூடிக்கொண்டது. புதுக் குரலும் இல்லை, பழைய குரலும் இல்லை. கிருபாவதி திரையைப் பார்த்து, இது இல்லையாம், அது இல்லையாம் என்று வாசித்தார். இல்லாததை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். ஒன்றைப் போட்டால் அது இன்னொன்றைக் கேட்டது. என்ன போட்டும், திரையை வாசித்துச் சொல்லும் வாசிப்பு மென்பொருள் மட்டும் திரும்ப ஏற மறுத்தது.

“இன்னும் எதைப் போடணும்னு சொல்லுங்க டீச்சர்.”

“எதையும் போட வேண்டாம்.”

பெட்டியைத் திரையோடு இணைத்தார்கள். வாசிப்பு மென்பொருளை ஒருமுறை ஏற்றிப் பார்த்து, வரும் பதிலை முதல் வரியிலிருந்து வாசிக்கும்படி கிருபாவதியிடம் சொன்னார் மெகருன்னிசா.

அதற்கு ஒலிக்கான மென்பொருள் தொகுப்பு ஒன்றின் பழைய பதிப்பு வேண்டுமாம். உள்ளே இருப்பதோ புதியது.

“அந்தப் புதுசை யார் கேட்டது?”

“நான் கேக்கலை டீச்சர்” என்றார் ஆசீர்.

“உங்களைக் கேக்கலை சார். கம்ப்யூட்டரைக் கேளுங்க.”

எது கேட்டு அது உள்ளே வந்தது என்று காட்டும் கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னார். கிருபாவதி தட்டினார். பேச்சை உருவாக்கும் இன்னொரு தொகுப்பு அதைக் கேட்டதாகப் பதில் வந்தது.

“அதை யார் கேட்டது?”

புதுக் குரல்.

“அதை?”

கிருபாவதி தட்டிப் பார்த்தார். மறுபடியும் தட்டினார்.

“எதுவும் கேக்கலைன்னு வருது.”

ஆசீர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான்” என்றார் ஆசீர். “நான்தான் கேட்டேன்.”

மெகருன்னிசா தலையசைத்தார். அதை மட்டும் நீக்கச் சொன்னார். அதற்காக உள்ளே வந்தவையும் கூடவே போகப்போவதாகக் கணினி ஒரு நீளமான பட்டியல் காட்டியது. கிருபாவதி தயங்கினார். ஆசீருக்கும் மனசில்லை, ஒவ்வொன்றையும் அவ்வளவு பாடுபட்டுப் போட்டிருந்தார்.

“அதுக்காக வந்ததுங்கதானே” என்றார் மெகருன்னிசா.

நீக்கினார்கள். ஒலித் தொகுப்பை அதன் பழைய பதிப்புக்குத் திருப்பினார்கள். பிறகு வாசிப்பு மென்பொருளை ஏற்றித் தரும்படி கேட்டார்கள். ஒரு தடையும் சொல்லாமல் ஏறியது.

கணினி பேசியது.

தகரத்தில் தட்டுவது போன்ற அதே தட்டைக் குரல். ஆசீர் கோப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க வைத்துக் கேட்டார். மகளின் கடிதத்தைத் திறந்து இரண்டு வரி கேட்டார். கிருபாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் வேண்டும் என்றார்.

தண்ணீர் குடித்து முடித்ததும் ஆசீருக்கு மெல்ல ஆசை எட்டிப் பார்த்தது.

“அப்ப அந்தப் புதுக் குரல் எனக்குக் கிடைக்கவே கிடைக்காதா டீச்சர்?”

“கேட்டுப் பாருங்க.”

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று நினைத்தார். ஆனால் மெகருன்னிசா நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆசீர் அதை ஏற்றுவதற்கான கட்டளையைத் தட்டினார். தட்டைக் குரல் வாசிக்க ஆரம்பித்தது, புதிதாக வரப்போகும் தொகுப்புகளின் பெயர்களை, ஒன்றன்பின் ஒன்றாக.

மூன்றாவது பெயரிலேயே ஆசீரின் விரல் ‘சரி’ என்பதற்கான விசைக்குப் போனது.

மெகருன்னிசாவின் விரல் ஏற்கெனவே அங்கே இருந்தது.

குரல் தொடர்ந்து வாசித்தது. வரப்போகிறவை முடிந்தன. இனி, போகப்போகிறவை என்றது. பழைய ஒலித் தொகுப்பின் பெயரைச் சொன்னது. அடுத்து இன்னொன்று. கடைசியாக, அதே தட்டைத் தொனியில், தன் பெயரைச் சொன்னது.

சரியா, வேண்டாமா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தது.

ஆசீர் கையை எடுத்துக்கொண்டார்.

“அன்னைக்கும் சொல்லியிருக்கு” என்றார்.