முப்பத்திரண்டு புள்ளிகள்

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டரில் படம் வரையும் வேலைக்கு நான் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தலைமை டிசைனர் ரங்கராஜு சாருக்கோ அங்கே முப்பது வருஷம்.

ஒருநாள் பழைய பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் இறக்கையை அவரே அளந்து, அதன் வளைவில் முப்பத்திரண்டு புள்ளிகளின் அளவுகளை எழுதிக் கொடுத்தார்.

"வளைவு எல்லாப் புள்ளி வழியாவும் போகணும். வழவழன்னும் இருக்கணும்."

போட்டேன். கோடு புள்ளிக்குப் புள்ளி ஏறி இறங்கி நெளிந்தது.

"அளவுல பிசகு இருக்கலாங்க சார். புள்ளிகளைத் தொடாம, பக்கத்துல ஒட்டிப் போனா நல்லா வரும்."

"என் அளவு தப்பாது. உனக்குத்தான் வேலை தெரியல" என்றார், எல்லோர் முன்னாலும்.

எனக்குச் சுருக்கென்றது. "சரிங்க சார். இன்னொருக்கா அளந்து குடுங்க. ரெண்டு லிஸ்டும் ஒண்ணாத்தானே இருக்கும்?"

அங்கேயே உட்கார்ந்து அளந்தார். முப்பத்திரண்டில் நான்கு புள்ளிகள்தான் பழைய லிஸ்ட்டோடு பொருந்தின.

"இதுல எது வழியா விடட்டுங்க சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் அவர் கையைப் பார்த்தேன். அளவெடுத்து முடித்த பிறகும் விரல்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன. சட்டென்று கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"நீ சொன்ன மாதிரியே போடும்மா."

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம் நான்.

புது வளைவு வழவழவென்று வந்தது. படத்தின் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது, நான் முதலில் போட்ட கோட்டைப் போலவே நெளிந்திருந்தது.