பசித்த கரி

குழந்தைகளே, கரிக்குப் பசிக்குமா? "கரிக்காவது பசியாவது!" என்றுதானே சிரிக்கிறீர்கள்? இந்தக் கதையில் வரும் முயலும் அப்படித்தான் சிரித்தது.

காட்டோரம் ஒரு மணல்மேடு. அங்கே செவ்வந்தி என்ற அவசரக்கார முயல் கத்தரிக்குப் பாத்தி கட்டியிருந்தது. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் மணலுக்குள் ஓடியது. கோடைக்குள் காய் பிடிக்காவிட்டால் வளையிலிருக்கும் குட்டிகளுக்குப் பட்டினிதான்.

பக்கத்துத் தோட்டத்து முள்ளம்பன்றி பொறுமைசாலி. ஈரம் நிற்கக் கரி செய்து போடலாம் என்று அது சொல்ல, இரண்டும் சேர்ந்து குழி வெட்டி, காய்ந்த சுள்ளிகளை எரித்தன. சுள்ளி சாம்பலாகுமுன் முள்ளம்பன்றி கத்தியது: "மண்ணைத் தள்ளு, செவ்வந்தி! காத்துப் புகக் கூடாது!"

தீ மூச்சு முட்டி அணைந்தது. மறுநாள் தோண்டினால், குழி நிறையக் கரி!

"இது மண்ணில் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். ஆனா, முதல்ல யானை லத்தி கரைச்ச தண்ணியில ஊறணும். வெறுங்கரிக்குப் பசி அதிகம். செடிக்குப் போற சத்தை அதுவே இழுத்துக்கும்" என்றது முள்ளம்பன்றி.

"ஊறப்போட இதென்ன இட்லி அரிசியா, முள்ளக்கா?" என்று சிரித்தது முயல்.

தன் பங்குக் கரியை அப்படியே மண்ணில் கொத்திவிட்டு நாற்றை நட்டது.

அந்நேரம் காட்டிலிருந்து ஒரு யானை வந்து பாத்தியோரம் லத்தி போட நின்றது.

"ஐயே, நாத்தம்! அந்தப் பக்கம் போங்க, ஆனையண்ணே!"

யானை முகம் வாடி, முள்ளம்பன்றியின் தோட்டத்துக்கு நகர்ந்தது.

நாட்கள் போயின. மண்ணில் ஈரம் நின்றது. ஆனால் முயலின் நாற்று மஞ்சளித்தது. அடியிலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வேலிக்கு அந்தப் பக்கமோ, கரியை ஊறப்போட்டு நட்ட முள்ளம்பன்றியின் செடி கரும்பச்சையாய்த் தழைத்திருந்தது.

"முள்ளக்கா, என் செடி சாகுது! அந்த லத்தித் தண்ணியில கொஞ்சம் கொடு!"

"எல்லாம் ஊத்தியாச்சே! லத்திக்கு யானையைத்தான் கேட்கணும். அது இன்னைக்கு ஆத்தைக் கடந்து மலைக்குப் போகுது. மழை வந்தாத்தான் திரும்பும். ஓடு!"

முயல் ஓடியது. முள் கிழித்தும் நிற்கவில்லை. கரைக்கு வந்தபோது யானை முன்னங்காலைத் தண்ணீரில் வைத்துவிட்டது.

"ஆனையண்ணே! நில்லுங்க!"

யானை மெல்லத் திரும்பியது. "யாரு, செவ்வந்தியா? என் நாத்தம்தான் உனக்கு ஆகாதே. எட்டியே நில்லு, தாயி."

காலையில் வெறும் வாயை மென்றபடி தூங்கிய குட்டிகள் முயலின் கண்ணுக்குள் நின்றன. அது காதிரண்டையும் தாழ்த்தியது.

"விரட்டினது என் தப்புதான், அண்ணே. மலைக்குப் போறதுக்கு முன்னாடி, என் பாத்தியோரம் ஒரே ஒரு தடவை லத்தி போட்டுட்டுப் போங்களேன்!"

நீதி: அவசரத்தில் ஒரு வேலையைத் தாண்டிப் போனால், அதற்கே பிறகு கெஞ்சிக்கொண்டு திரும்பி வர வேண்டும்.